கொல்லைப் பட்டறையில் தங்கம்

சபுரிலிருந்து, அதாவது வெளிநாட்டுப் பிழைப்பிலிருந்து, ஒருவர் வந்திறங்கினால் எங்கள் தெருவில் முதலில் பார்ப்பது அவர் கொண்டுவந்த பெட்டியைத்தான். ஆள் இளைத்தாரா, கறுத்தாரா என்பதெல்லாம் அப்புறம். எங்கள் வாப்பா வளைகுடாவில் பதினாறு வருஷம் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் ஃபிட்டராக இருந்தவர். நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் இரண்டு மாத லீவில் வந்தபோது, நைலான் கயிறு சுற்றிய அவருடைய பெட்டியை நடுக்கூடத்தில் இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு சுற்றி உட்கார்ந்தார்கள்.

வழக்கமாக வாப்பா ஒவ்வொரு முடிச்சாகப் பொறுமையாக அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி எடுத்து வைப்பார். அந்த முறை உம்மாவிடம் கத்தியைக் கொடுத்து, "அறுத்துடு" என்றார். என்னுடைய சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

பெட்டிக்குள் சென்ட் பாட்டில் மூன்று, பால் பவுடர் டின் இரண்டு, எனக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி. அவ்வளவுதான். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் இரும்பு. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற, தூக்க முடியாத ஒரு வைஸ், துணியில் சுருட்டிய அரங்கள், சுத்தியல், ரம்பம், விரல் பருமனில் பித்தளைக் கம்பிகள், இரும்பை அறுக்கும் புத்தம்புதிய கட்டிங் மிஷின் ஒன்று. கம்பளிப் போர்வை எதிர்பார்த்து வந்திருந்த பெரியம்மா, வைஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு டீ குடிக்காமலே எழுந்து போனார்.

கடல் காற்றில் எங்கள் வீட்டு இரும்பெல்லாம் இரண்டே வருஷத்தில் உதிர்ந்துவிடும். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் அப்போது மூன்றாவது முறையாகத் துருப்பிடித்துப் போயிருந்தது. பித்தளையில் ஒன்று செய்து போடப்போகிறேன் என்று சொல்லி வாப்பா கொல்லையில் விறகு கிடந்த தகரக் கொட்டகையைச் சுத்தம் செய்தார். மேசையில் வைஸை முடுக்கி, சுவரில் ஆணி அடித்து அரங்களை மாட்டினார். அன்று முதல் காலையும் மாலையும் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

மாமாதான் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டார். மாமா என்றால் உம்மாவின் தம்பி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தவர். ஊரில் யாராவது நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போனால்கூட, காசு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிற புத்தி அவருக்கு. அந்தப் புத்திதான் எனக்கும் வந்திருக்கிறது என்று உம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஒரு தாழ்ப்பாளுக்கு யாராச்சும் இவ்வளவு இரும்பத் தூக்கிட்டு வருவாங்களா? கடையில கேட்டா குடுக்குறான்," என்றார் மாமா. "அயன்பாக்ஸ் அடித்தட்டையே தங்கத்துல பண்ணி மேல பெயின்ட் அடிச்சுக் கொண்டாந்தவன் கத உனக்குத் தெரியுமா? லீவு முடியப் போவுது, டிக்கெட் போடுற பேச்சே இல்ல. திரும்பிப் போவாத மனுசன் எத வெச்சு உக்காந்திருக்காருன்னு பாரு புள்ள."

தங்கத்தின் மேல் எனக்கு ஆசை கிடையாது. வாப்பா போகக்கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அவர் கார் ஏறியதும் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்துவதும், நான் வாப்பாவின் முகத்தை மறந்துவிடுவேனோ என்று போட்டோவைப் பார்த்துக்கொண்டே தூங்குவதும் எங்கள் வீட்டில் வழக்கம். தங்கம் இருந்தால் வாப்பா போகவேண்டியதில்லை. ஆகவே தங்கம் இருந்தே தீரவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

தேடினால் கிடைக்காத தடயமா? கட்டிங் மிஷினை வாப்பா அட்டைப்பெட்டியை விட்டு வெளியிலேயே எடுக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் அறுக்க வேண்டிய பித்தளையை அரை நாள் ரம்பத்தால் அறுத்தார், மிச்சத்தை அரத்தால் அராவினார். அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அரங்களின் மரப்பிடி மேல் பழைய கைலித் துணியைச் சுற்றிச் சுற்றி மொத்தமாக்கியிருந்தார். துணிக்குள் எதையோ ஒளித்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் யாரும் இல்லாதபோது ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், வெறும் மரம்தான் இருந்தது. அப்படியும் சந்தேகம் போகவில்லை. முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

கீழே விழுந்த சின்ன ஸ்க்ரூக்களை வாப்பா குனிந்து எடுக்கமாட்டார். என்னைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்வார். நான் எத்தனை எடுக்கிறேன், எத்தனை கொடுக்கிறேன் என்று என் நாணயத்தைச் சோதிக்கிறார் என்று எனக்குக் கோபமாக வரும். அராவி விழுந்த தூளைத் துடைப்பத்தால் கூட்டி, செய்தித்தாளில் பொட்டலம் கட்டி உயரத்தில் வைப்பார். "புள்ளைங்க காலுல குத்தும்மா" என்பார். அந்தத் தூள் மஞ்சளாக, வெயில் பட்டால் மினுமினுவென்று இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடயம் அவருடைய கை. தெருவில் என்னோடு நடக்கும்போது வாப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். முன்பு லேசாகப் பிடித்தவர், இந்த முறை எலும்பு நோகும்படி இறுக்கிப் பிடித்தார். நான் வேவு பார்ப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, மாமாவிடம் ஓடிவிடாமல் இருக்கத்தான் இந்தப் பிடி என்று புரிந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, வாப்பா லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், கொட்டகைக்குள் நுழைந்து தூள் பொட்டலத்தையும் பாதி அராவிய ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு மாமா கடைக்கு ஓடினேன். தொழுகைக்குப் போகாமல் கடையில் இருந்ததற்காக மாமாவுக்கு அன்று எந்த வெட்கமும் இருக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னைப் பைக்கில் ஏற்றினார். போகிற வழியில், தங்கமாக இருந்தால் ஒரு வாரம் தன் போனில் பாம்பு விளையாட்டு விளையாடலாம் என்றார்.

நகை செய்யும் பத்தர் ஒருவர் மாமாவுக்குப் பழக்கம். சின்னக் கடை, தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். துண்டை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, மேலே ஒரு சொட்டு திராவகம் விட்டார். கோடு பச்சையாகப் பொங்கி மறைந்துபோனது.

"பித்தளைங்க பாய். நல்ல பித்தளை," என்றார் பத்தர்.

மாமாவின் முகம் தொங்கிப்போனது. பத்தர் துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"யாரு ராவுனது?"

"எங்க மச்சான். சபுர்ல பதினாறு வருசம் ஃபிட்டர்."

"பழக்கப்பட்ட கைதான், அரம் போன போக்குலயே தெரியுது. ஆனா இங்க பாருங்க, நழுவியிருக்கு. இந்தா, இங்கயும். புடி நிக்கல. அவருக்கு வெரலு எதும் மரத்துப் போவுதான்னு கேளுங்க பாய்."

எனக்கு அந்தப் பேச்சில் அக்கறை இல்லை. பாம்பு விளையாட்டு போய்விட்டது, வாப்பாவும் போய்விடப் போகிறார் என்ற வருத்தத்தில் இருந்தேன். மாமா வெளியே வந்து, பைக்கை எடுக்காமல் என்னைப் பக்கத்துப் பெட்டிக்கடைக்குக் கூட்டிப் போனார். நான் கேட்காமலே ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். மாமா தானாக எதையும் வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. "நாம இங்க வந்தது வாப்பாவுக்குத் தெரியக் கூடாது. உம்மாவுக்கும் தெரியக் கூடாது," என்றார்.

பாதி ரோஸ்மில்க் குடிப்பதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பத்தரும் மாமாவும் கண்ணால் பேசிக்கொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். அது தங்கம்தான்.

அன்று மாலையே அது உறுதியானது. மாமா நேராகக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் தகரத்தில் காதை வைத்தேன்.

"என்ட்ட ஏன் மச்சான் சொல்லல?" என்றார் மாமா. சண்டை போடுகிற குரலாக இல்லை.

"சொன்னா நீ என்னா செய்யப் போறே?"

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத."

பங்கு கேட்கிறார், வேறென்ன? பிறகு பேச்சு நின்று அரத்தின் சத்தம் கேட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தால், மாமா வைஸின் கைப்பிடியைத் தன் பலமெல்லாம் கூட்டி முடுக்கிக்கொண்டிருந்தார், வாப்பா அராவிக்கொண்டிருந்தார். செல்போனின் பின்மூடியைக் கழற்றுவதற்கு மேல் எந்த வேலையும் தெரியாத மாமா, அதற்கப்புறம் தினமும் கடையை அடைத்துவிட்டு வந்து முடுக்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படிக்குப் போய், குழம்புக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்த உம்மாவிடம் போட்டு உடைத்தேன். வாப்பாவும் மாமாவும் கொட்டகையில் ஒன்றை மறைக்கிறார்கள் என்றேன்.

உம்மா தலையைத் தூக்கவில்லை. "தெரியும். வந்த மறுநாளே தெரியும். அவங்க சட்டைக்குப் பட்டன் போட்டு விடுறது யாரு?" என்றாள். கையைக் கழுவிவிட்டு என்னைக் கிட்டே இழுத்தாள். "எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

ஆக உம்மாவும் கூட்டு. என்னைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் பங்கு இருந்தது. பட்டனுக்கும் தங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கக்கூட இல்லை, எனக்கு அவ்வளவு கோபம்.

தாழ்ப்பாள் ஒருவழியாக முடிந்து கொல்லைக் கதவில் ஏறியது. பளபளவென்று இருந்தது, ஆனால் நேராகப் போகாது. கொஞ்சம் தூக்கித் தள்ளவேண்டும். பதினாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவருக்கு நேராக ஒரு தாழ்ப்பாள் செய்யத் தெரியாதா? வெளியாள் திறக்கக்கூடாது என்று வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

லீவு முடிகிற நாள் வந்தது, போனது. வாப்பா போகவில்லை. உம்மாவின் கையில் வளையல்களைக் காணோம். ஊர் கண்ணில் படாமல் கழற்றி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன், பணக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். மாமா கடையை ஒட்டிய இடத்தில் வாப்பாவுக்கு ஒரு கடை வந்தது. அரம், சுத்தியல், ஸ்பேனர், ரம்பத்து பிளேடு எல்லாம் விற்கிற கடை. பக்கத்து ஊர்களான நெரவியிலிருந்தும் சுரக்குடியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கேட்டதை வாப்பா உடனே எடுத்துத் தரமாட்டார். கையைக் காட்டச் சொல்வார், என்ன வேலை, எத்தனை நேரம் பிடித்து நிற்பீர்கள் என்று கேட்பார். கட்டிங் மிஷின் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும், "தொடர்ந்து புடிக்காதீங்க, நிறுத்தி நிறுத்தி வேல பாருங்க" என்று இரண்டு முறை சொல்லித்தான் கொடுப்பார். வியாபாரம் தெரியாத மனுஷன் என்று மாமா முணுமுணுப்பார்.

இதையெல்லாம் உம்மா எனக்கு விளக்கிச் சொன்னபோது நான் கல்லூரியில் இருந்தேன். நாள் முழுக்க அதிர்கிற மிஷினைப் பதினாறு வருஷம் பிடித்ததில் வாப்பாவின் விரல்கள் வெளுத்து மரத்துப்போயிருந்தன. அங்கே இனி வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கூட இருந்தவர்களிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, ஊரில் சொந்தப் பட்டறை போடப்போகிறேன் என்றிருக்கிறார். அவர்கள் சந்தோஷப்பட்டு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிக் கொடுத்ததுதான் அந்தப் புது மிஷின். கொட்டகைக்குள் அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் கை இன்னும் வேலைக்கு ஆகுமா ஆகாதா என்பதைத்தான். கடை வந்தது உம்மாவின் வளையல்களில். தங்கம் எங்கள் வீட்டில் இருக்கத்தான் செய்தது, நான் தேடிய இடத்தில் இல்லை.

கடை திறந்த அன்று சாயங்காலம் வாப்பா எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். வாப்பா போகப்போவதில்லை என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டிருந்தது, ஆகவே ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். ரோட்டைக் கடக்கும்போது அவர் வழக்கம்போல என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொந்தது.

"வலிக்குது வாப்பா, விடுங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்," என்றேன்.

உடனே விட்டார். என் கையைத் தூக்கி, சிவந்து கிடந்த விரல் தடங்களைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

"தெரியலம்மா," என்றார்.

உம்மா கடல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு வாப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அன்று மட்டுமல்ல, அப்புறம் எப்போதுமே அவர் என் கையைப் பிடித்ததில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்று பிடிக்கிறவருக்கே தெரியாமல் போகுமா, பொய் சொல்வதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று எண்ணிக்கொண்டு, கைகளை வீசி அவருக்கு முன்னால் நடந்தேன்.