இரண்டு முறை கொடுத்த கம்பளி

நீலசந்திரா பக்கம் ஏரி உடைத்துக்கொண்ட வருஷம், நான் விவேக் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். குடிசை போனவர்களை எங்கள் பள்ளி வராந்தாவில்தான் தங்கவைத்தார்கள். பாடமும் நடத்த வேண்டும், கஞ்சியும் ஊற்ற வேண்டும். அலுத்துப்போயிருந்தேன்.

ஒரு வெளிநாட்டிலிருந்து கம்பளிக் கட்டுகள் வந்து இறங்கின. என் வகுப்பறையில் அடுக்கிப் பூட்டி, என் பிள்ளைகளை நாலாம் வகுப்போடு நெருக்கி உட்காரவைத்தோம். ஹெட்மாஸ்டர் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"நாம தொடக்கூடாது டீச்சர். அவங்க தூதரக அதிகாரி வந்து தன் கையால கொடுக்கணும். போட்டோ எடுக்கணும்."

அதிகாரி வரவில்லை. டெல்லியில் நம் ஆட்கள் யாரோ அந்த நாட்டைப் பற்றி ஏதோ பேசிவிட்டார்களாம், அவர்களுக்குக் கோபமாம். பேசியவருக்கும் குளிரவில்லை, கோபித்துக்கொண்டவருக்கும் குளிரவில்லை. குளிரெல்லாம் எங்கள் வராந்தாவில்தான்.

அங்கே சித்தாள் வேலை செய்யும் ஒருத்திக்குக் குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சாரல் அடித்தால் முந்தானையில் சுற்றிக்கொண்டு சுவரோடு ஒண்டுவாள். தினமும் காலையில் அதே கேள்வி: "டீச்சரம்மா, தொரை இன்னிக்காவது வருவாரா?" ஒருநாள் குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. கட்டைப் பிரித்து ஒரு கம்பளியை உருவிக் கொடுத்தேன். இரண்டு நாளில் குழந்தை வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஒருவழியாகக் கோபம் தணிந்து அதிகாரி வரும் நாளும் வந்தது. காலையில் பிரிந்த கட்டைப் பார்த்து ஹெட்மாஸ்டருக்கு முகம் வெளிறிவிட்டது.

"மறுபடி கோவிச்சுக்கிட்டா, வர்ற பால்பவுடரும் நின்னுடும். இத்தனை பிள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது? அந்தக் கம்பளிய வாங்கிட்டு வாங்க டீச்சர். அவர் கையால திரும்பக் கொடுக்கட்டும்."

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் கொடுமை.

போய்க் கேட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் கம்பளியை உருவி, உதறி, மடித்துக் கொடுத்தாள். "ஒரு மணி நேரந்தாம்மா" என்றேன். அதிகாரி மூன்று மணி நேரம் கழித்து வந்தார். அதுவரை சாரல் விடவில்லை.

நல்ல மனிதர்தான். குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டவர், ஐயோ, சில்லிட்டிருக்கிறதே என்று இங்கிலீஷில் பதறினார். தானே கம்பளியைப் போர்த்திவிட்டார். நல்லவேளை, சரியான நேரத்தில் வந்தோம் என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். ஹெட்மாஸ்டர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பால்பவுடரும் வந்தது. வரிசையில் பால் வாங்க நிற்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

போட்டோ பேப்பரில் வந்தது. அதில் அவள் சிரிக்கிறாள். சிரிக்கச் சொன்னது நான்தான்.