மழைக்கு வைத்த கூட்டம்

விருதுநகர் கடைத்தெருவில், ஒரு எண்ணெய்க்கடையின் மாடியில் நான் ஆபீஸ் திறந்தபோது, கீழே நின்று பலகையை வாசித்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "யோசனைக்கு ஒரு கடையா?"

பலகையில் நான் எழுதியிருந்தது அப்படி. சங்கங்கள், பள்ளிக்கூடங்கள், தரும காரியங்களுக்கு யோசனை சொல்லப்படும். விதிமுறைகளும் மனுக்களும் எழுதித் தரப்படும். கேட்டவர்கள் பேரில் தப்பில்லை. மிளகாய் வத்தலும் பருப்பும் நல்லெண்ணெயும் மூட்டையாகவும் டின்னாகவும் விற்கிற தெருவில், கண்ணுக்குத் தெரியாத சரக்கை ஒருவன் விற்க வந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு வத்தல் மண்டியில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒருநாள் முதலாளி, தான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்கு நாலு பேர் முன்னால் என்னைத் திட்டினார். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஐம்பதுகளின் கடைசி அது. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, "பேனா நம்ம பேனாதானே? அதையாவது எடுத்துட்டு வந்திருக்கலாம்ல" என்றாள்.

யோசனைக் கடை என் மண்டையில் திடீரென்று முளைத்தது இல்லை. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு சங்கம். வியாபாரிகள் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை எடுத்து, பள்ளிக்கூடமும் படிப்பகமும் தண்ணீர்ப் பந்தலும் நடத்தினார்கள். மனசுக்குக் குறைச்சல் இல்லை. காகிதத்தைக் கண்டால்தான் பயம். சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும், விதிகள் எழுதவேண்டும், சர்க்கார் கேட்ட கேள்விக்குப் பதில் போடவேண்டும் என்றால், கோடி ரூபாய் வியாபாரம் பார்க்கிறவருக்குக்கூட வியர்த்துவிடும். மண்டியில் இருக்கும்போதே சாயங்காலம் என்னைத் தேடி வருவார்கள். சும்மா செய்ததை இனிமேல் தொழிலாகச் செய்வோம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

முதல் வருஷம் ஈ ஓட்டினேன். "ஊருக்கெல்லாம் யோசனை விக்கிறீக, நம்ம வீட்டுக்கும் ரெண்டு படி அளந்து போடுங்க" என்பாள் மனைவி. பிறகு ஒரு வியாபாரிகள் சங்கத்துக்கு விதிமுறை எழுதினேன். முப்பத்திரண்டு விதிகள். எழுதிவிட்டு நானே நாலு தடவை வாசித்து ரசித்தேன். அதைப் பார்த்து ஒரு படிப்பகம் வந்தது, சாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடக் கமிட்டி வந்தது. பேரை மட்டும் மாற்றி அதே முப்பத்திரண்டு விதிகளையும் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தேன். கரும்பலகையில் ஒரே கணக்கைப் போட்டு வருஷம் பூராவும் ஓட்டுகிற வாத்தியார் மாதிரி. அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை. பெருமைதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் திருத்தங்கல் பெண்கள் வந்தார்கள்.

நாலு பேர். எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்யுமிடமும் ஆபீஸ்தான், வெடி செய்யுமிடமும் ஆபீஸ்தான். நடுவில் உட்கார்ந்தவர்தான் தலைவி. நாற்பது வயது இருக்கும். மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை. பேசும்போதுகூட விரல்கள் மடியில் எதையோ அடுக்கிக்கொண்டே இருந்தன.

அறுபத்திரண்டு பெண்கள் சேர்ந்து சரக்கு அடுக்குகிற ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, ஆயா ஒருத்தியை வைத்துக் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் பிள்ளைகளை வேலைக்கே தூக்கிப்போய், குச்சியின் முனையை மருந்தில் முக்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டியிருக்கிறார்கள். தலைவியின் கடைசி மகளுக்கு முதுகில் உள்ளங்கை அகலம் தீத்தழும்பு உண்டு. இப்போது கிட்டங்கிக்காரர் அடுத்த தை மாசத்தோடு காலி பண்ணச் சொல்லிவிட்டார். பஞ்சாயத்தில் ஒரு இடம் தருவதாகவும், கட்டடத்துக்குச் சர்க்கார் உதவுவதாகவும் பேச்சு. ஆனால் சங்கம் பதிவாக வேண்டும். அடுத்த கார்த்திகை முடிவதற்குள் ஆண்டுக் கூட்டம் கூடி, இடத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று தீர்மானம் போடவேண்டும். இல்லையென்றால் இடம் வேறு காரியத்துக்குப் போய்விடும். பிள்ளைகள் பழையபடி மருந்துப் பக்கம் போகும்.

"எழுதிருவீகளா அண்ணாச்சி?" என்றார் தலைவி.

"அதுக்குத்தானே பலகை போட்டிருக்கேன்" என்றேன். என் முப்பத்திரண்டு விதிகளையும் தூக்கிக் கொடுத்தேன். சங்கமும் பதிவானது. அடுத்த ஐப்பசி வரை நான் அவர்களை மறந்தே போனேன்.

ஐப்பசியில் கூட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன். பதினாலாவது விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அதாவது நாற்பத்திரண்டு பேர். வந்தது ஒன்பது பேர். ஞாயிறு அவர்களுக்கு விறகுக்கும் தண்ணீருக்கும் துணிக்கும் உரிய நாள். அடுத்து ஒரு சாயங்காலம் வைத்தேன். ஏழு பேர் வந்தார்கள், அதிலும் ரெண்டு பேர் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பிள்ளைக உங்க பிள்ளைகளா, என் பிள்ளைகளா?" என்று கத்தினேன்.

தலைவி பதறவில்லை. "மழைக்கு வைங்க அண்ணாச்சி. எல்லாரும் வந்துருவாக."

மழை பெய்தால் மருந்தில் முக்கிய குச்சி காயாது. ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற ஒரே முழு ஓய்வு அதுதான். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் எனக்கும் தெரியும். விதி எழுதும்போதுதான் தெரியாமல் போனது. நான் எழுதியது, மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் திண்டில் சாய்ந்து கூட்டம் போடுகிறவர்களுக்கான விதி.

"மழைக்கு யாராவது கூட்டம் வைப்பாகளா? பதினாலு நாளைக்கு முன்னாடியே தேதி போட்டு நோட்டீஸ் கொடுக்கணும்னு விதி இருக்கு தாயி. மழை என்ன என்கிட்ட எழுதிக் கொடுத்துட்டா வரும்?"

அவர் கொஞ்ச நேரம் மடியில் விரல்களை அடுக்கினார். "முன்னாடி சொல்லணும், அம்புட்டுத்தானே? கார்த்திகை மாசம் பூராவும் தெனமும் பத்து மணிக்குக் கூட்டம்னு இப்பவே சொல்லிருவோம். ஆள் சேராட்டி மறுநாளைக்குத் தள்ளி வைப்போம். மழை என்னைக்குப் பெய்யுதோ அன்னைக்குச் சேந்துருவோம்."

யோசனை விற்கிறவனுக்கு ஓசியில் கிடைத்த யோசனை அது. விதிகளை முன்னும் பின்னும் புரட்டினேன். எங்கேயும் இடிக்கவில்லை. அன்றைக்கே நோட்டீஸ் எழுதினோம்.

ஆனால் தினமும் யாராவது உட்கார்ந்து, கூட்டம் சேரவில்லை, தள்ளி வைக்கப்பட்டது என்று எழுதவேண்டுமே! பெண்கள் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. ஆக, கார்த்திகை முதல் தேதியிலிருந்து நான்தான் தினமும் காலையில் பஸ் ஏறினேன். கிட்டங்கியில் சாக்கை விரித்து உட்காருவேன். பத்து மணிக்குத் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, 'போதிய உறுப்பினர் வரவில்லை' என்று எழுதிவிட்டு, பதினொன்றரை பஸ்ஸுக்காகக் காத்திருப்பேன். சுற்றிலும் முப்பது பிள்ளைகள்.

முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. ஒன்று என் பேனாவைப் பிடுங்கும், ஒன்று வேட்டியில் நனைத்துவிடும். இரண்டாவது வாரம் நானே சட்டைப்பையில் பொரிகடலை போட்டுக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் பஸ்ஸைத் தவறவிட ஆரம்பித்தேன். பல் முளைக்காத ஒரு பயல் என் மடியில்தான் தூங்குவேன் என்று அடம்பிடிப்பான். ஆயா, "நாளையிலேருந்து நீங்களே பாத்துக்கிடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்று கேலி செய்வாள். இத்தனை வருஷம் சங்கம் சங்கம் என்று எழுதினேனே, ஒரு சங்கம் யாருக்காக இருக்கிறது என்பதை அப்போதுதான் மடியில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்துவிட்டது.

மழை மட்டும் வரவில்லை. வானம் துடைத்துவிட்டது மாதிரி கிடந்தது. மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. தலைவியிடம் போய், "இனி மழையை நம்பிப் பிரயோசனம் இல்லை. மதுரைக்குப் போய் இன்னும் கொஞ்ச நாள் தவணை கேக்கிறேன்" என்றேன்.

"போயிட்டு வாங்க. இந்தப் புஸ்தகம் எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

அப்போது எங்கள் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் பெரிய ஆபீஸ் எல்லாம் மதுரையில்தான். அங்கே ஒரு அதிகாரி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மூன்றில் இரண்டு பங்குன்னு யார் கேட்டா? அஞ்சில் ஒரு பங்கு போதுமே. இப்படி விதி எழுதிக் கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப மாத்திக்கோங்க."

"மாத்துறதுக்கும் கூட்டம் கூடணுமே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். தவணை தர முடியாது என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்.

நான் எழுதிய ஒரு வரியால் முப்பது பிள்ளைகளும் தீக்குப் பக்கத்தில் போகப் போகின்றன. சாப்பிடாமல் பஸ் ஏறினேன். விருதுநகரில் வெயில் கொளுத்தியது. வீட்டுக்குப் போக மனசில்லாமல் அப்படியே திருத்தங்கல் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஊருக்கு ரெண்டு மைல் இருக்கும்போது தார் ரோடு நனைந்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிச் சேற்றில் ஓடினேன். கிட்டங்கியில் பெண்கள் யாரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஆயா மட்டும் ஈரச் சாக்குகளை உதறிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் முடிஞ்சுருச்சு அண்ணாச்சி. காலையில ஒம்பது மணிக்கே மழை கொட்டுச்சு. அம்பத்தெட்டு பேரு. நிக்க எடமில்ல. முடிச்சுட்டு, பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாக."

தீர்மானப் புத்தகத்தை நீட்டினாள். பென்சிலில், கோணல் மாணலாக, தலைவியே எழுதியிருந்தார். இடத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று முதல் தீர்மானம். கூட்டத்துக்குப் பதினைந்து பேர் இருந்தால் போதும் என்று பதினாலாவது விதியை மாற்றி இரண்டாவது தீர்மானம். ஒரு பிசகும் இல்லை. மூன்றாவதாக ஒன்று இருந்தது.

"கூட்டம் நடத்தவும் எழுதவும் நமக்கே தெரிந்துவிட்டபடியால், விருதுநகர் அண்ணாச்சி இனிமேல் வேலையாக வரவேண்டியதில்லை. சும்மா வந்தால் காப்பி கொடுக்க வேண்டியது."

கீழே ஐம்பத்தெட்டு கைநாட்டும் கையெழுத்தும். பிள்ளைகளுக்கு இனிப் பயமில்லை என்ற நிம்மதியில் அந்தச் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவதை மறுபடி வாசித்தபோது சுருக்கென்றும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மழையோடு அந்தக் கூட்டத்தில் நான் இல்லாமல் போனேனே என்று பொறாமையாகவும் இருந்தது.

மறுநாள் முப்பத்திரண்டு விதிகளையும் கிழித்துப் போட்டேன். அதைப் பார்த்த மனைவி, "கடையைச் சாத்தப் போறீகளா?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. தனக்கு நான் வேண்டாம் என்று தீர்மானமே போட்டுவிட்ட சங்கத்தைக் காட்டி, யாரிடம் போய் வேலை கேட்பது?

பத்து நாள் கழித்து மாடிப்படியில் வளையல் சத்தம் கேட்டது. தாயில்பட்டியிலிருந்து மூன்று பெண்கள். வெடி ஆபீஸில் திரி சுற்றுகிறவர்கள். கூச்சத்தோடு கதவோரத்திலேயே நின்றார்கள். அதில் மூத்தவள்தான் பேசினாள்.

"திருத்தங்கல்ல இனிமே நீங்க வேண்டாம்னு எழுதிட்டாகளாமே?"

"ஆமா" என்றேன். முகம் சுண்டிப்போனது எனக்கே தெரிந்தது.

"எங்க ஊருலயும் பிள்ளைக மருந்துப் பக்கத்துலதான் கெடக்குதுக. நாங்களும் அப்படி எழுதுற வரைக்கும் வர்றீகளா அண்ணாச்சி?"