அவள் கேட்ட இரண்டு கைகள்

எட்டு வயதாகியும் என் மகளுக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் ஒன்று கேட்பாள். சத்தம் பொறுக்காதபோது என் இரண்டு கைகளையும் பிடித்திழுத்துத் தன் காதுகளின்மேல் வைத்துக்கொள்வாள். தேயிலைக் கொழுந்து பறித்துக் கறையேறிக் காய்த்துப்போன கைகள். அவளுக்கு அவைதான் வேண்டும். அவள் அப்பா கை நீட்டினால் தட்டிவிடுவாள்.

தோட்டத்தில் எங்கள் வீடுகள் ஒரே வரிசையாய் ஒட்டியவை; லயத்து வாய் சும்மா இருக்குமா? "பேய் புடிச்ச புள்ள" என்றார்கள். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அடுத்த வீட்டுக்காரி தன் பிள்ளைகளை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொள்வாள். நானும் விட்டதில்லை. ஒரு நாள் அவள் குடத்தைப் பிடுங்கிக் காலடியில் போட்டு மிதித்து நசுக்கியிருக்கிறேன். சண்டைக்காரி என்ற பேர் அப்படி வந்ததுதான்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அம்மா சிங்களத்தில் சொன்னதை ஒரு நர்ஸ் தமிழில் சொன்னார். "இது பேயும் இல்ல, சாபமும் இல்லங்க. ஆட்டிசம்னு சொல்வாங்க. நமக்குச் சத்தம்னா அவளுக்கு அது அடி. ஒங்க கையத் தேடி எடுக்குறாளே, அதுதான் அவ பேச்சு. மூடச் சொன்னா மூடுங்க." திரும்பும்போது நமுனுகுல போகும் பஸ்ஸில் பாட்டைக் குறைக்கச் சொல்லி கண்டக்டரோடு சண்டை போட்டபடியே வீடு வந்து சேர்ந்தேன். அவ்வளவு நன்றாகப் புரிந்திருந்தது எனக்கு.

அடுத்த மாதம் மாரியம்மன் திருவிழா. கரகம் எங்கள் லயத்து வாசலுக்கு வந்தது. தப்பு மேளச் சத்தம் நெருங்கியதுமே அவள் என் கைகளைப் பிடித்து இழுத்தாள். மூடினேன். அது போதவில்லை. முன்னும் பின்னும் ஆடினாள், அலறினாள்.

"ஆத்தா எறங்கிட்டாடோய்!" என்று கத்தினார் பூசாரி. "கைய எடு தங்கச்சி! ஆத்தாள மறிக்காத!"

அருள் வந்தவர் முன்னால் தப்பை இன்னும் வேகமாக அடிப்பது எங்கள் வழக்கம். அடித்தார்கள். பீலியில் பிள்ளைகளை ஒதுக்கிய அதே அடுத்த வீட்டுக்காரி என் மகள் காலில் விழுந்து, "தாயே, ஒரு வார்த்த சொல்லு தாயே" என்று அழுதாள்.

டாக்டர் அம்மா சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மன்னிப்பாவது இருக்கும். எட்டு வருஷமாக என் பிள்ளையைப் பேய் என்ற சனம், முதல் தடவையாக அவளைக் கும்பிட்டது. பாழாய்ப்போன ஆசை எனக்கு. இன்னும் கொஞ்ச நேரம் கும்பிடட்டும் என்று நினைத்தேன். கைகளை எடுத்தேன். அவள் மறுபடி எட்டிப் பிடித்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அந்த இரண்டு கைகளையும் கூப்பி நானும் அவளைக் கும்பிட்டேன்.

மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். துவண்டு விழுந்தாள். "ஆத்தா மலையேறிட்டா" என்றார் பூசாரி. கரகம் அடுத்த லயத்துக்குப் போனது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், அதுதான் என் கதை. இந்த வருஷத் திருவிழாவுக்கு முன்பே, தப்பு அடிக்கக் கூடாது என்று கோயில் கமிட்டியில் போய்க் கத்தினேன். "ஆத்தா வந்தப்ப கும்புட்டியே, இப்ப என்னா?" என்றார்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினேன். நான், சண்டைக்காரி! கடைசியில் எங்கள் வாசலில் மட்டும் தப்பு அடிப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள்.

அதனால் என்ன? போன வருஷம் கரகம் வந்த அன்றிலிருந்து அவள் என் கைகளைத் தொடவில்லை. சோறு ஊட்டினால் தின்கிறாள், தலை வாரினால் பொறுத்துக்கொள்கிறாள். நேற்றுத் தகரக் கூரையில் பேய்மழை. கட்டில் மூலையில் தன் காதுகளைத் தானே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினேன். பார்த்தாள். என் முகத்தை அல்ல, கைகளை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.