பதினொன்று பத்துக்கு விடுபட்டவை

மௌனிகா பொள்ளாச்சியில் பாலிடெக்னிக் முடித்து, கோவையில் ஆறு வருஷம் சர்வர் அறைகளில் வேலை பார்த்தவள். மாந்தோப்பில் ஏணியிலிருந்து விழுந்து அப்பா மோகனசுந்தரத்துக்கு இடுப்பெலும்பு முறிந்ததும் கோவிந்தாபுரத்துக்கே திரும்பிவிட்டாள். கொல்லங்கோட்டில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஜின்சனிடம் வேலை கிடைத்தது. எல்லையோரக் கிராமங்களின் ஆறாயிரம் இணைப்புகளும் அவருடைய மாடி அறையில்தான் வந்து சேர்ந்தன.

ஆடி மழையில் ஒரு புகார் வரத் தொடங்கியது. தினமும் காலை பதினொன்று பத்துக்கு நெட் திணறுகிறது, நாலு நிமிஷத்தில் தானே சரியாகிவிடுகிறது. மழைக்கு அப்படித்தான் என்று ஜின்சன் விட்டுவிட்டார். மௌனிகாவுக்கு மனசு ஒப்பவில்லை. மழை எங்காவது மணி பார்த்துப் பெய்யுமா?

லைனில் டேட்டா சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும்; அந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் நகலெடுத்து வைக்க அங்கே ஒரு பதிவு மெஷின் இருந்தது. திறந்து பார்த்தால், சரியாகப் பதினொன்று பத்தில் ஓட்டை. அந்த நாலு நிமிஷத்துப் பாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் பதிவாகவே இல்லை.

சாயங்காலம் ஊரே படம் பார்க்கும்போது இதைவிடப் பல மடங்கு டேட்டா ஓடியது. அப்போது எதுவும் விடுபடவில்லை. நெட்வொர்க் கார்டு வைத்திருந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. காலையில் வருபவை பொடிப்பொடிப் பாக்கெட்டுகள், நொடிக்குப் பல லட்சம்.

பாக்கெட் வந்து விழுந்தால் கார்டு பிராசஸரைத் தட்டிக் கூப்பிடும். அதற்கு இன்டரப்ட் என்று பெயர். மறுநாள் அந்த எண்களைத் திரையில் ஓடவிட்டுக் காத்திருந்தாள். பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பதினாறு கோர்களில் முதல் கோரின் எண் மட்டும் கண்ணுக்குப் பிடிபடாமல் ஏறியது. மற்ற பதினைந்தும் சும்மா கிடந்தன. மெஷினை நிறுவியவர்கள் பாக்கெட்டுகள் காத்திருக்கும் கார்டின் எல்லா வரிசைகளையும் அந்த ஒரே கோரில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அது மூச்சு முட்டி நின்றபோது, பாக்கெட்டுகளைத் தற்காலிகமாக வைக்கும் பஃபர் நிரம்பி, மேற்கொண்டு வந்ததெல்லாம் வழிந்து போயிருக்கிறது.

வரிசைகளைப் பிரித்து, கார்டுக்குப் பக்கத்திலிருந்த எட்டு கோர்களுக்குப் பங்கு வைத்தாள். பஃபரைப் பெரிதாக்கினாள். பாக்கெட்டுக்கு ஒரு தடவை கூப்பிடாமல், கொஞ்சம் சேர்ந்தபின் கூப்பிடும்படி மாற்றினாள். அடுத்த நாள் விடுபட்டவை பூஜ்யம்.

அந்தச் சந்தோஷம் பதிவைத் திறக்கும்வரைதான். பாக்கெட்டுகள் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து போயின. ஜின்சன் வீடுகளில் மாட்டிக்கொடுத்த ரவுட்டர்களில் முன்னூற்றுப் பதினேழு, யாரும் தொடாமலே, எங்கோ இருந்த ஒரே முகவரியை நோக்கி எறிந்துகொண்டிருந்தன. மறுநாள் முன்னூற்று நாற்பது. அதற்கு மறுநாள் நானூற்றுக்கு ஒன்று குறைவு. யாரோ ரவுட்டர்களைக் கைப்பற்றி, பெரிய தாக்குதலுக்கு ஒத்திகை பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பட்டியலில் அவள் வீடும் இருந்தது.

உடனே அப்பாவைப் போனில் கூப்பிட்டாள்.

"டிவிக்குப் பக்கத்துல இருக்கற நெட் டப்பாவோட வயரப் புடுங்கிருங்கப்பா."

"ஏஞ்சாமி, நல்லாத்தான வேல செய்யுது?"

"அதுதானுங்கப்பா பயமா இருக்குது."

ஜின்சன் பட்டியலை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். வெளியே தெரிந்தால் ஒரு வீடும் மிஞ்சாது, ஓணம் கழியட்டும் என்றார்.

"அதுவரைக்கும் அவங்க சும்மா இருப்பாங்களாங்க சார்?"

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

மறுநாள் பதினொன்று ஐந்துக்கு, யாரிடமும் கேட்காமல், ரவுட்டர்களுக்குக் கட்டளை வந்த பாதையை மௌனிகா அடைத்தாள். பதினொன்று பத்து வந்தது. எண்கள் ஏறவில்லை. அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

பதினொன்று பதினாலுக்கு, இதுவரை காணாத முகவரியிலிருந்து ஒரே ஒரு பாக்கெட் வந்தது. எந்த வீட்டுக்கும் அல்ல, பதிவு மெஷினுக்கே. அந்த மெஷினின் முகவரியை ஜின்சனும் அவளும் வெளியே யாருக்கும் கொடுத்ததில்லை. பத்து விநாடி கழித்து லாகின் பதிவில் ஒரு வரி விழுந்தது. தவறான கடவுச்சொல், பயனர் பெயர் மௌனிகா.

மெஷினின் கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டிலிருந்து அவள் இந்த மெஷினைத் திறந்ததெல்லாம் அந்த டப்பா வழியாகத்தான்; முகவரியும் அவள் பெயரும் அங்கிருந்துதான் போயிருக்கின்றன.

அவள் கூப்பிட்டதும் வந்த ஜின்சன் அந்த வரியைப் படித்தார். பிறகு ஓணத்தைப் பற்றிப் பேசவில்லை. சைபர் போலீஸில் புகார் கொடுத்தார், புது ரவுட்டர்களுக்கு ஆர்டர் போட்டார். மௌனிகா மெஷினின் கடவுச்சொல்லை மாற்றி, கேபிளை மறுபடி மாட்டிவிட்டு, வேனில் வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கினாள். நல்ல டப்பாவை எதற்கு மாற்றுகிறீர்கள் என்று சண்டை போட்டவர்களும் உண்டு.

இதுவரை இருநூற்று அறுபது மாற்றியாகிவிட்டது. மாற்றாத ரவுட்டர்கள் அன்றைக்கு அடங்கியவைதான், பன்னிரண்டு நாளாக ஒரு பாக்கெட்கூட எறியவில்லை. ஜின்சன், பயந்துகொண்டு போய்விட்டார்கள் என்கிறார். மௌனிகா தலையாட்டிக்கொள்கிறாள். ஆனாலும் தினமும் வேனில் ஏறுமுன் பதிவு மெஷினைப் பார்க்காமல் அவள் கிளம்புவதில்லை. எட்டு கோர்களும் ஒழுங்காக வேலை செய்கின்றன, எதுவும் விடுபடவில்லை, அந்த ரவுட்டர்களிலிருந்து எதுவும் வரவுமில்லை.