குவைத்துக்குப் போன நான்கு சிடிகள்

எழிலரசன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் நகரியில் குறைவு. தறி ஓடும்போது நிற்பான். சரி, அது தொழில். கரண்ட் போய்த் தறி நின்ற பிறகும் நிற்பான். டீக்கடையில் நாங்களெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருப்பான். "உக்காருடா, பெஞ்சி ஒண்ணும் கடிக்காது" என்று நான் திட்டாத நாள் கிடையாது. அவன் தறிக்குப் பக்கத்துத் தறி என்னுடையது. அவன் வீட்டுக்கு எதிர்வீடும் என்னுடையதுதான். ஆக, அவன் நடையை நாள் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

2005-இல் அவன் மனைவி யமுனா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு இந்த நடை இன்னும் மோசமானது. அந்த வருஷம் நூல் விலை ஏறு ஏறு என்று ஏறி, பாதித் தறிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பெண்கள் அரபு நாட்டுக்குப் போனார்கள். ஆண்கள் போனால் விசாவுக்குப் பணம் அதிகம், பெண்கள் போனால் குறைவு, அவ்வளவுதான் கணக்கு. யமுனா போகும்போது மகள் ரோஜாவுக்கு நாலரை வயது. பஸ் கிளம்பும்வரை அந்தப் பிள்ளை அழவே இல்லை. அம்மா திருப்பதிக்குப் போய்விட்டு சாயங்காலம் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் கார்கோவில் ஒரு பெட்டி வந்தது. யமுனா வேலை பார்த்த வீட்டில் புதிதாக ஏதோ வாங்கியதால், பழைய டிவிடி ரிக்கார்டரை அவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். டிவியில் வருவதை அப்படியே சிடியில் பிடிக்கும். நேரம் சொல்லி வைத்தால் ஆள் இல்லாதபோதும் பிடிக்கும். முன்பக்கம் வயர் சொருகினால் கேமராவில் தெரிவதையும் பிடிக்கும். கூட வந்த புத்தகம் ஒரு பக்கம் அரபியில், ஒரு பக்கம் இங்கிலீஷில். நாங்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் படித்தோம்.

அந்தப் பெட்டி வந்த புதிதில் எழிலரசன் வீடு சினிமா கொட்டகை மாதிரி இருந்தது. ஷெட்டில் ஷிப்ட் பார்க்கும் பெண்கள் தாங்கள் விட்ட சீரியலைச் சாயங்காலம் வந்து பார்த்தார்கள். நான் கிரிக்கெட் பிடித்து வைத்து, ஜெயித்த மேட்சை மட்டும் நாலு தடவை பார்த்தேன். நல்லது இவ்வளவு என்றால் கெட்டதும் இருந்தது. பாதியில் கரண்ட் போனால் பிடித்தது போச்சு. சொல்லி வைத்த நேரமும் அழிந்துவிடும். என் மனைவி கமலம்மாவுடைய சீரியலின் முக்கியமான கட்டத்தின் மேல் இவன் செய்தியைப் பிடித்துவிட்டான் என்று அவள் ஒரு வாரம் அவனுக்குக் குழம்பு கொடுக்கவில்லை.

ஆனால் யமுனா அதை அனுப்பியது சீரியலுக்காக இல்லை. "புள்ள வளர்றத புடிச்சி அனுப்பு. இங்க வந்து போறவங்க கையில குடு. நான் பாத்துக்கினு இருப்பேன்" என்று சொல்லியிருந்தாள். இவனும் சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் கொடுத்துச் செய்தான். கல்யாண வீடியோ எடுக்கிற கன்னையாவிடம் பழைய கேமராவைக் கெஞ்சி வாங்கி, வயரைச் சொருகி, ரோஜாவை முன்னால் நிறுத்திப் பிடிப்பான். பல் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் ஆடியது, புத்தூர் மாமன் வீட்டுக் காதுகுத்து எல்லாம் கேமராவிலிருந்து சிடிக்கு ஏறியது.

முதல் சிடியை வெளியே எடுக்கும்போது டிவியில் ஒரு கேள்வி வந்தது. எதிர்த்தெரு வாத்தியாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். முடித்துவிடவா, முடித்தால் இதற்கு மேல் இதில் எதுவும் பதிய முடியாது என்று கேட்கிறது என்றார். சிடியில் இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். இவன் பிடித்தது இருபது நிமிஷம். நெசவுக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? பேசிய நீளம் வராமல் துணியை அறுத்தால் தறியில் மீதிப் பாவு நூல் வீண். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. "பாவு மீதி கீறப்போ எவனாச்சும் அறுப்பானா? வேணாம்னு சொல்லு" என்றேன். ஆமாம், சொன்னது நான்தான். எழிலரசன் வேணாம் என்பதை அமுக்கினான். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு, மீதியில் அடுத்தது போடலாம் என்று யமுனாவுக்குச் சொல்லி அனுப்பினான். அதன்பிறகு வந்த மூன்று சிடிகளுக்கும் அதே பதில்தான்.

வெள்ளிக்கிழமை யமுனாவுக்கு அரை நாள் ஓய்வு. அன்றைக்கு மத்தியானம் போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இவன் நடப்பான்.

"சிடி பாத்தியா?"

"பாத்தேன். புள்ள நல்லா வளந்துட்டா."

"டான்ஸு?"

"நல்லா இருந்துச்சி."

"பாவாட இன்னா கலரு சொல்லு."

"அதான் நல்லா இருந்துச்சின்னு சொல்றேனே."

போனை வைத்ததும் என் வீட்டுக்கு வருவான். "கலரு கேட்டா நல்லா இருந்துச்சின்னு சொல்றாடா. பாக்கறதே இல்ல போல. அவ மனசு அங்கியே ஒட்டிக்கிச்சி" என்பான். வாசலுக்குப் போவான், திரும்பி வருவான், அதையே மறுபடி சொல்வான். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஊரான் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறவளுக்குப் பாவாடைக் கலர் ஞாபகம் இருக்க வேண்டுமா என்று கத்துவேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவன் தினமும் வந்து ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் அது நம் மண்டைக்குள்ளும் புகுந்துவிடுகிறது.

அதைவிடக் கவலை ரோஜா. மூன்றாவது சிடி போன கொஞ்ச நாளில் அவள் அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை போன் அடித்தால் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து கமலம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றுகொள்வாள். "ஏம்மா, அம்மா கூப்புடுது பாரு" என்றால், "எனக்கு பேச வேணாம்" என்பாள். எழிலரசன் அடித்தும் பார்த்தான், மிட்டாய் வாங்கிக்கொடுத்தும் பார்த்தான். எதற்கும் அசையவில்லை. யமுனா இரண்டு வருஷ ஒப்பந்தத்தை நீட்டித்து இன்னும் இருக்கப் போகிறாள் என்ற செய்தியும் அப்போதுதான் வந்தது. இனி அவள் வந்தாலும், யாரோ ஒரு பெண் வந்து வீட்டில் தங்கியிருக்கிறாள் என்றுதான் இந்தப் பிள்ளை நினைக்கும். எழிலரசனைத் தின்றது அந்தப் பயம்தான்.

2008 வைகாசியில் ஏர்பேட்டு மணியம்மா லீவில் வந்தாள். யமுனா இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வேலை செய்பவள். ரோஜாவுக்குப் பேரீச்சம்பழமும், துண்டில் சுற்றிய நான்கு சிடிகளும் கொண்டுவந்திருந்தாள். மீதி இடத்தில் பிடிப்பதற்காக யமுனா திருப்பி அனுப்பியவை.

"எழிலு, இதுல இன்னாப்பா அனுப்புற நீ? அங்க ஒண்ணுகூட ஓடலியே" என்றாள். "யமுனா பாவம், சிடிய தொடச்சி தொடச்சி போடும். அந்த வூட்டு பசங்க பொட்டியிலயும் போட்டு பாத்துச்சி. எதுலயும் வரல."

எழிலரசன் நின்றுவிட்டான். "பாத்தேன்னு சொல்லிச்சே."

மணியம்மாவுக்கு அப்போதுதான் வாயை விட்டுவிட்டோம் என்று புரிந்தது. "எனக்கு இன்னா தெரியும் சாமி" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

அவள் போனதும் நான்கையும் ரிக்கார்டரில் போட்டுப் பார்த்தான். நான்கும் கண்ணாடி மாதிரி ஓடின. அவனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. இங்கே ஓடுவது அங்கே எப்படி ஓடாமல் போகும், யார் பொய் சொல்கிறார்கள் என்று என்னைப் போட்டு உலுக்கினான். மறுநாள் தறியை நிறுத்திவிட்டு இருவரும் திருப்பதிக்குப் பஸ் ஏறினோம். புத்தூர் தாண்டி ரேணிகுண்டா வரைக்கும் அவன் பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான் வந்தான். சீட் காலியாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரிப்பேர் கடை. மெக்கானிக் சிடியை வாங்கி மூன்று பிளேயரில் போட்டான். மூன்றும் உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டின.

"எங்க வூட்ல ஓடுதே" என்றான் எழிலரசன்.

"ரிக்கார்டர்ல சேசினதா? ஃபைனலைஸ் செய்யலேதா அண்ணா?" என்று மெக்கானிக் தெலுங்கு கலந்து கேட்டான். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தான். "எடுக்கறப்போ முடிக்கவான்னு கேக்கும். ஆமான்னு சொல்லணும். சொல்லலன்னா பிடிச்ச மிஷின்ல மட்டும்தான் ஓடும். மத்த மிஷினுக்கெல்லாம் இது வெறும் சிடி."

எழிலரசன் கடைப் படியில் உட்கார்ந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மீதி வீணாகக்கூடாது என்று சொன்ன வாய் என்னுடையது. தறியிலேயே கிடக்கிற துணியை யார் எடுத்து உடுத்த முடியும்? அறுக்கிற தொழில்காரனுக்கு இந்தப் புத்தி இல்லாமல் போயிற்றே என்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், முடித்துவிடுவதற்கு முன்னால் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாம் என்றான். அதுவரைக்கும் எதையும் அவன் முழுசாகப் பார்த்ததில்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்தால்தானே. ரோஜா எங்கள் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கமலம்மாவும் வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது சிடியில் டான்ஸ் முடிந்த பிறகு ரோஜா மட்டும் தனியாக வந்தாள். பிடித்த அன்றைக்கு, "அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும், நீ வெளிய போ நைனா" என்று அவள் துரத்தியது இவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டிவியில் ரோஜா கதவைப் பார்த்துவிட்டு கேமராவுக்குக் கிட்டே வந்தாள். "அம்மா, நீ இத பாத்தியான்னா, வெள்ளிக்கெழம போன்ல என்னிய வாத்துன்னு கூப்புடு. நைனாகிட்ட சொல்லாத. கூப்ட்டாதான் நீ பாத்தேன்னு அர்த்தம்." போனாள், மறுபடி வந்தாள். "மறக்காத."

கமலம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெள்ளிக்கு வெள்ளி அந்தப் பிள்ளை அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்து பிறகு கையை விட்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. வந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

எனக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது. "நாளைக்கி வெள்ளிக்கெழமதானே? யமுனாகிட்ட முன்னாடியே சொல்லிடு. வாத்துன்னு கூப்புடட்டும். எல்லாம் சரியாப் பூடும்."

எழிலரசன் டிவியை நிறுத்தினான். "வேணாண்டா" என்றான். "அவளும் பாத்தேன்னு சொல்லி, நானும் பாத்தாள்னு சொல்லி, புள்ள மட்டும் நெஜம்னு நம்பணுமா?"

மறுநாள் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான். "ஏன் பொய் சொன்ன?" என்று நேராகக் கேட்டான்.

யமுனா மெதுவாகச் சொன்னாள். "ஓடலன்னு சொன்னா நீ நிறுத்திடுவ. சிடி வர்ற கவர்ல புள்ள என் பேர எழுதி அனுப்பும். மொதல்ல எழுத்து கோணலா இருந்துச்சி, அப்புறம் நேரா ஆச்சி. அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

எழிலரசன் ரோஜாவை அழைத்துவரச் சொன்னான். கமலம்மா அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னான். "அம்மா ஒரு சிடியும் பாக்கல. பாக்கணும்னுதான் இருந்துச்சி. நைனா தப்பா அனுப்பிட்டேன். அது அங்க ஓடல."

"டான்ஸு?"

"பாக்கல."

"பல்லு விழுந்தது?"

"அதுவும் பாக்கலமா."

ரோஜா போனைப் பார்த்தாள். "அப்ப அம்மாக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்றாள். கமலம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கிவந்து போனை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா, மொதல்ல கீழ்ப் பல்லு விழுந்துச்சி. அப்புறம் மேல் பல்லு" என்று ஆரம்பித்தாள். டான்ஸைச் சொன்னாள், பாவாடை பச்சை என்று சொன்னாள், காதுகுத்தில் யார் வாந்தி எடுத்தது என்று சொன்னாள். யமுனா ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிடியில் இருந்ததெல்லாம் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. ரோஜா நிறுத்தவில்லை.

"அப்புறம் எனக்கு ஜுரம் வந்துச்சி. அத நைனா புடிக்கல. நான் படுத்துக்கினு இருந்தப்போ நைனா சமையல்கட்டுல நின்னுக்கினு அழுதுச்சி. அதையும் புடிக்கல."

எழிலரசன் எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"எத்தினி நாளு அழுதாரு?" என்று கேட்டாள் யமுனா.

"எல்லாத்தையும் சொல்றேன்" என்றாள் ரோஜா. "நீ குறுக்க பேசாத."