வகிடு எந்தப் பக்கம்

தொண்ணூற்று மூன்றாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் என் தம்பி சாமுவேல் தன் உயிரை எடுத்துக்கொள்ளப் பார்த்தான். மண்ணூர்பேட்டையிலிருந்து பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உயிர் தங்கியது. ஆனால் இரண்டு கைகளிலும் கட்டு. வாயில் வார்த்தை இல்லை. கண் எப்போதும் கூரையில்.

சபையில் எந்த விசேஷம் என்றாலும் ஜனங்களைச் சிரிக்கவைப்பவன் நான். வார்டில் என் சரக்கு விலைபோகவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் சிரித்தார். அவரும் சிரித்தால் ஆபரேஷன் தையல் இழுக்கிறது என்று நர்ஸம்மாவிடம் என்மேல் புகார் சொன்னார்.

நர்ஸம்மா கண்டிப்பானவர். "தம்பிய தனியா வுடாதீங்க. ஏன் பண்ணேன்னு நோண்டாதீங்க. சோறு ஊட்டுங்க, மூஞ்சி தொடைங்க, தலை வாருங்க. மருந்த டாக்டர் பாத்துப்பாரு."

தலை வாருவதா? என் தலையில் சீப்புக்கு வேலை போய் ரொம்ப நாள். பக்கத்துக் கட்டில்காரரிடம் இரவல் வாங்கினேன். வாரும்போது பெரிய ஜெபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, இவன் ஒரு வார்த்தை பேசட்டும். என்னைத் திட்டினாலும் சரி." தினமும் அதே சீப்பு, அதே ஜெபம்.

ஒரு காலை வாரி முடித்து, தள்ளி நின்று அழகு பார்த்தேன். அவன் உதடு அசைந்தது.

"இன்னாண்ணா இது? வகிட்ட அந்தப் பக்கமா எடுப்பாங்க?"

சீப்பு கீழே விழுந்தது. "எந்தப் பக்கம்டா ராஜா?"

"லெப்ட்டு. தெனமும் ரைட்லயே எடுத்துகினு கீற. பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

பார்க்கிறவன்! போய்ச் சேர நினைத்த என் தம்பிக்குப் பார்க்கிறவனைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. கட்டிலோரம் முழங்காலில் விழுந்து அழுதேன்.

"அப்பால அழலாம். மொதல்ல வகிட்ட மாத்து" என்றான்.

பிறகு மனநல டாக்டர், மாதாமாதம் மாத்திரை. சபையில் ஒரு சகோதரி, "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு பிரதர்?" என்றார். "வேதம் வாசிக்க நீங்க கண்ணாடி போடறீங்களே சிஸ்டர்" என்றேன். அந்த வாரமே சாமுவேலுக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பினார்.

இப்போது அவன் பாடகர் குழுவில் நிற்கிறான், இடப்பக்க வகிட்டோடு. கெட்ட நாட்கள் இன்னும் வருகின்றன. அன்றைக்கு நான் அவன் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். என் தலையில் எடுத்ததை ஆண்டவர் அவன் தலையில் கொடுத்துவிட்டார். எனக்குக் குறையில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தால் மூடி மறைக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கிட்டவே இருங்கள். வந்த ஜெபத்தைச் சொல்லுங்கள், ஆண்டவர் கேட்பார். கூப்பிட்டால் நானும் சீப்போடு வருகிறேன். அந்தக் கட்டில்காரர் சீப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை.