வீக்கம் வடிந்த நாட்கள்

ஒன்பது வயதில் என் வலது காலில் குத்திய காரைமுள்ளைப் பற்றி மூன்று நாட்கள் நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அம்மாவைப் பார்த்தால் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அது புளி உலுக்கும் காலம். அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குப் போயிருந்தார். அம்மா விடிந்ததும் புளியமரத்தடிக்குப் போய்க் குனிந்தால் பொழுது சாயும்போதுதான் நிமிர்வாள். வீட்டுக்கு வந்தால் சாமைச் சோறு ஆக்க வேண்டும், அதன்பின் புளியை ஓடு தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். தட்டிக்கொண்டே இருப்பாள், கை மட்டும் நின்றுவிடும். பார்த்தால் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பாள். அந்த முகத்திடம் போய் முள்ளைப் பற்றி என்ன சொல்வது.

நாலாம் நாள் காலே சொல்லிவிட்டது. பாதம் பூசணிப் பிஞ்சு போல வீங்கி, பளபளவென்று சிவந்து, தொட்டால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

“இன்னாடி இது? எத்தினி நாளா கீது?” என்றாள் அம்மா. அதட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அன்று வேலைக்குப் போகாமல் முள்ளை நோண்டி எடுத்தாள். பாதி முள்தான் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துச் சுடவைத்துக் கட்டினாள். வீக்கம் குறையவில்லை. அதைக் கண்டால் எனக்கு வெறுப்பாக இருந்தது. முள்ளைவிட வீக்கம்தான் எனக்கு எதிரி.

மறுநாள் காலையில் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். பக்கத்து ஊரில் தனியாக இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போது பத்தடிக்கு முன்னாலேயே அவருடைய மூச்சுச் சத்தம் வந்துவிடும். என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள்.

“போன வருசம் எனக்கு முட்டி வீங்கிச்சே, இதப் போட்டேன், ரெண்டே நாள்ல வத்திப் போச்சி. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு குடு” என்றார்.

“இது கொயந்தைக்கு ஆவுமாண்ணா?”

“வீக்கத்துக்கு வீக்கம்தானே. சின்னதென்ன, பெருசென்ன.”

அம்மா மேலே கேட்கவில்லை. யாராவது ஒருவர் ‘இதைச் செய்’ என்று சொன்னால் போதும் என்கிற நிலையில் அவள் இருந்தாள்.

மாத்திரை வேலை செய்தது. மறுநாளே சிவப்பு மங்கியது. அதற்கடுத்த நாள் வீக்கம் வடிந்து, பாதத்தில் மறுபடி எலும்பு தெரிந்தது. நான் நொண்டாமல் பள்ளிக்கூடம் போனேன். அம்மா புளியமரத்தடிக்குத் திரும்பினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு மாமாவுக்கு டாக்டர் என்று பட்டம் கொடுத்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முதல் நாளே அட்டையை முழுதாக அம்மாவிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

மாத்திரை தொடங்கிய ஐந்தாம் நாள் விடியும்போது எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பல் கிட்டிக்கொண்டது. காலில் வீக்கம் அதிகமில்லை. ஆனால் பாதத்திலிருந்து முழங்கால்வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. அம்மா மாமாவுக்குப் போன் செய்தாள். அவர் வந்து சேர்ந்ததும் குனிந்து முதுகைக் காட்டினார்.

எங்கள் மலைக் கிராமத்திலிருந்து ஜீப் நிற்கும் இடத்துக்கு ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். பாதி ஏற்றம். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். மாமா இருபதடிக்கு ஒருமுறை நின்றார். ஏதாவதொரு மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நிற்பார். அவர் முதுகுக்குள் ஏதோ விசிலடிப்பது என் வயிற்றில் அதிர்ந்தது. எனக்குக் கோபம் வந்தது.

“நடங்க மாமா. நோவுது” என்றேன். இரண்டு மூன்று முறை சொல்லியிருப்பேன்.

அவர் மரத்தை விட்டுவிட்டு நடந்தார்.

அடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெண் டாக்டர் என் காலைப் பார்த்ததும் உள்ளே கொண்டுபோய்க் கீறினார். உள்ளே ஆழத்தில் சீழ் கோத்திருந்தது. மிச்ச முள்ளும் வந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் காலைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது, உயிரைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்திருக்கும் என்று அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

இப்போது நான் வேலூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெயரளவில் ஆராய்ச்சி. நடைமுறையில் கண் எரிய எரிய நுண்ணோக்கியில் வெள்ளணுக்களை எண்ணுவது. எட்டு மணி நேரம் எண்ணிவிட்டு எழுந்தால் சுவரிலும் அவை ஊர்கின்றன. உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும் சின்னஞ்சிறு புரதத் துண்டுகள் உண்டு, பெப்டைடு என்போம். தோலிலும் வெள்ளணுக்களுக்குள்ளும் அவை தயாராக இருக்கும். முள்ளோடு கிருமி உள்ளே வந்தால் அதன் மேலுறையில் ஓட்டை போட்டுக் கொல்லும். அதோடு நிற்காமல் ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கிற வெள்ளணுக்களையும் காயத்துக்குக் கூப்பிடும். அவை கூட்டமாக வந்து இறங்குகிற இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். வேலை முடிகிற சமயத்தில் அதே துண்டுகள் செத்த கிருமியின் சிதறல்களில் ஒட்டிக்கொண்டு, வெள்ளணுக்கள் மேலும் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளும். கூப்பிடுவதும் அவைதான், அமர்த்துவதும் அவைதான். எந்த நேரத்தில் எதைச் செய்கின்றன என்பது எங்களுக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அதனால்தான் எண்ணிக்கொண்டே இருக்கிறோம்.

மாமா கொடுத்தது ஸ்டீராய்டு. அது வெள்ளணுக்களை ரத்தக்குழாயைவிட்டு எளிதில் வெளியே வர விடாது. என் காலில் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரவில்லை. ஆள் வராததால் வீக்கம் வடிந்தது. ஊரே அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது கிருமி நிதானமாகப் பெருகியது. நான் வெறுத்த வீக்கம்தான் அந்த ஒரு வாரத்தில் எனக்காக உழைத்தது.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். அம்மா காலி அட்டையை நீட்டினாள். டாக்டரின் முகம் மாறியது.

“இத யாரு குடுத்தது?”

மாமா வாசலருகே நின்றிருந்தார். கையை மட்டும் தூக்கினார்.

“வீக்கம் போனா நோய் போச்சின்னு அர்த்தமா? கொழந்த உயிரோட வெளையாடியிருக்கீங்க. இது யாருக்கு எழுதின மாத்திர?”

“எனக்குதாங்க. இளைப்புக்கு.” ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு இழுத்தார்.

“அப்ப நீங்க போடறதுக்கு?”

“இல்லீங்க. கொயந்தைக்குக் குடுத்துட்டேன்.”

டாக்டர் அவருடைய உதட்டையும் நெஞ்சையும் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, “இங்க வந்து உக்காருங்க” என்றார். அந்த மாத்திரையைத் தினமும் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தக்கூடாது. ஐந்து நாட்கள் நிறுத்திய ஒருவர் என்னை முதுகில் சுமந்து மலைப்பாதையில் நடந்திருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் ஒரே கூடம்தான். என் பக்கத்துக் கட்டிலில் அவரை உட்காரவைத்து, ஊசி போட்டு, மூக்கில் புகை வரும் முகமூடியை மாட்டினார்கள். அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். டாக்டர் திட்டினார், மாமா செய்தது தப்பு, அதற்குத் தண்டனையாக ஊசி. ஒன்பது வயதில் நியாயம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

அம்மா இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கை என் தலையில் இருந்தது. இன்னொரு கையால் மாமாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கையை எட்டிப் பிடித்து இழுத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அழ வேண்டும் போலிருந்தது என்று நினைக்கிறேன், அதற்கும் அவளிடம் தெம்பில்லை.

மாமா முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

“நீ கொயந்தகிட்டயே இரும்மா. எனக்கு இன்னா, நான் நல்லாதான் கீறேன்” என்றார்.

அவரே சொல்லிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாகப் போயிற்று. அம்மாவின் இரண்டு கைகளையும் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.